சார்லஸ் ஷூல்ஸ்: ஐம்பது வருஷம், ஒரே பேனா

கேள்வி இதுதான்: ஸ்னூப்பி என்ற நாய், சார்லி பிரவுன் என்ற சிறுவன் வரும் ‘பீனட்ஸ்’ காமிக்ஸ் தொடரை ஐம்பது வருஷம் உதவியாளர் யாரும் இல்லாமல் ஒரே ஆள் வரைந்தார் என்கிறார்களே, நிஜமா? அவர் வாழ்க்கை எப்படிப்பட்டது, எதற்காக அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

நிஜம்தான். 1950 அக்டோபர் 2 முதல் 2000 பிப்ரவரி 13 வரை பத்திரிகைகளில் வந்த பீனட்ஸ் மொத்தம் 17,897. அதில் 15,391 தினசரி ஸ்ட்ரிப் (சில கட்டங்களில் முடியும் சித்திர வரிசை), 2,506 ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். யோசித்தது, பென்சிலில் போட்டது, மை ஏற்றியது, வசனத்தைக் கட்டத்துக்குள் கையால் எழுதியது எல்லாமே சார்லஸ் ஷூல்ஸ் என்கிற ஒரே மனிதர். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் உண்டு. 1950களின் கடைசியில் தனியாக வந்த பீனட்ஸ் காமிக் புத்தகங்களில் பெரும்பகுதியை வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். விளம்பரங்கள், பொம்மைகள், வாழ்த்து அட்டைகள் இவற்றுக்கும் ஆட்கள் இருந்தார்கள். பத்திரிகையில் வந்த ஸ்ட்ரிப்பை மட்டும் வேறு யாரும் தொட்டதில்லை.

இது எவ்வளவு அபூர்வம் என்பது அந்தத் தொழிலின் வழக்கம் தெரிந்தால்தான் புரியும். அமெரிக்கப் பத்திரிகைக் காமிக்ஸில் ஒரு தொடர் வெற்றி பெற்றால் மறுநாளே உதவியாளர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் பின்னணி போடுவார், ஒருவர் எழுத்து எழுதுவார், ஒருவர் நகைச்சுவைத் துணுக்கு யோசித்துக் கொடுப்பார், மேலே கையெழுத்து மட்டும் முதலாளியுடையது. ‘லில் அப்னர்’ வரைந்த அல் காப்பிடம் பல வருஷம் ஃபிராங்க் ஃபிரஸெட்டா மாதிரி ஒரு மேதையே உதவியாளராக வேலை பார்த்திருக்கிறார். ‘பிளாண்டி’யைத் தொடங்கிய சிக் யங் 1973-ல் இறந்த பிறகும் அவர் மகன் பொறுப்பில் அது தொடர்கிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, தொழில் அப்படித்தான் நடந்தது. ஷூல்ஸ் மட்டும் மாட்டேன் என்றார். அவர் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டு போவதுதான் சரியான வழி என்பது என் எண்ணம்.

பிறந்தது 1922 நவம்பர் 26, மினியாபொலிஸில். வளர்ந்தது பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் பால் நகரத்தில். அப்பா கார்ல், ஜெர்மனியில் பிறந்தவர், முடி திருத்தும் கடை வைத்திருந்தார். அம்மா டீனா, நார்வே வம்சாவளி. ஒரே பிள்ளை. பிறந்த சில நாளிலேயே மாமா ஒருவர் ‘ஸ்பார்க்கி’ என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார். அது அப்போது பத்திரிகையில் ஓடிக்கொண்டிருந்த ‘பார்னி கூகுள்’ தொடரில் வரும் ஸ்பார்க் பிளக் என்ற குதிரையின் பெயரிலிருந்து வந்தது. சாகும் வரை நெருங்கியவர்கள் எல்லோருக்கும் அவர் ஸ்பார்க்கிதான்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காமிக்ஸ் பக்கங்களைச் சேர்ந்து படிக்கும் வழக்கம் இருந்தது. பொருளாதார மந்தக் காலத்திலும் அந்தக் கடை தினமும் திறந்தது, வாடிக்கையாளர் தினமும் வந்தார்கள். பின்னாளில் சார்லி பிரவுனின் அப்பாவையும் முடி திருத்துபவராகவே ஷூல்ஸ் வைத்தார். அவர் வேலை செய்த விதமும் கடை நடத்துகிறவரின் விதம்தான். ‘மூட்’ வரட்டும் என்று காத்திருந்து வரைகிற ஆள் அவர் இல்லை.

பள்ளியில் படிப்பு முதலில் நன்றாக இருந்தது. நடுவில் வகுப்பு தாண்டி ஏற்றிவிட்டார்கள். அதனால் வகுப்பிலேயே வயதில் சிறியவனாக, கூச்சம் பிடித்தவனாக ஆனான். பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்த படங்கள் நிராகரிக்கப்பட்டன. இதை அவர் எழுபது வயதிலும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1937-ல், விநோதச் செய்திகள் வரும் ரிப்ளியின் ‘நம்பினால் நம்புங்கள்’ பத்திரிகைப் பகுதியில் அவர் வரைந்த நாயின் படம் வந்திருந்தது. வீட்டு நாய் ஸ்பைக், ஊசியையும் ஆணியையும் விழுங்கியும் ஒன்றும் ஆகாமல் திரிந்த நாய். ஸ்னூப்பிக்கு மூலம் அதுதான். ஓவியப் படிப்பு தபால் மூலம். மினியாபொலிஸில் இருந்த அஞ்சல்வழி ஓவியப் பள்ளியில் அப்பா பணம் கட்டிச் சேர்த்துவிட்டார்.

1943-ல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. ராணுவத்துக்கு அழைப்பு வந்தது, அம்மா புற்றுநோயில் கடைசி நிலையில் இருந்தார். விடுப்பில் வந்து கிளம்பும் இரவு, இனி நாம் பார்க்கப்போவதில்லை, அதனால் இப்போதே விடைபெற்றுக்கொள்வோம் என்று அம்மா சொன்னதாக ஷூல்ஸ் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் அம்மா இறந்தார். அதன்பின் 20-வது கவசப் படைப்பிரிவில் இயந்திரத் துப்பாக்கிக் குழுத் தலைவராக ஐரோப்பா போய்ப் போரின் கடைசி மாதங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தான் பார்த்த போரை அவர் தொடரில் நேராகக் கொண்டுவந்தது அபூர்வம். ஆனால் முன்னாள் படைவீரர் தினத்தன்று ஸ்னூப்பி, போர்முனைக் கார்ட்டூன்களுக்குப் பெயர்பெற்ற பில் மால்டின் வீட்டுக்கு ரூட் பியர் என்ற குளிர்பானம் குடிக்கக் கிளம்பும் ஸ்ட்ரிப்புகளைப் பல வருஷம் வரைந்தார். விவரம் தெரிந்தவர்களுக்கு அது சிரிப்புக் காட்சி மட்டும் இல்லை.

திரும்பி வந்ததும் தான் படித்த அதே அஞ்சல்வழிப் பள்ளியில் மாணவர்களின் படங்களைத் திருத்தும் வேலை. கூடவே ஒரு கத்தோலிக்கக் காமிக்ஸ் இதழுக்கு வசனத்தைக் கட்டத்துக்குள் கையால் எழுதிக் கொடுக்கும் வேலை. சார்லி பிரவுன் என்பது பள்ளியில் உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் பெயர். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த செம்பட்டை முடிப் பெண்ணை அவர் காதலித்தார், 1950-ல் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார், அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டார். 1961-லிருந்து தொடரில் சார்லி பிரவுன் ஏங்கிப்போகும் ‘செம்பட்டை முடிச் சிறுமி’ இப்படி வந்தவள்தான். ஸ்ட்ரிப்பில் அவள் முகத்தை அவர் காட்டவே இல்லை. 1998-ல் ஒரே ஒருமுறை நிழலுருவமாக வருகிறாள், அவ்வளவுதான்.

1947-ல் செயின்ட் பால் நகரத்துப் பத்திரிகையில் ‘லில் ஃபோக்ஸ்’ என்று வாரம் ஒருமுறை குழந்தைகள் கார்ட்டூன். சம்பளம் கூட்டிக் கேட்டார், நல்ல இடத்தில் போடச் சொன்னார், தினசரி ஆக்கலாமா என்றும் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில். விலகிவிட்டார். அதே சமயத்தில் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ அவரிடம் 17 கார்ட்டூன் வாங்கியிருந்தது. அந்தத் தைரியத்தில் நியூயார்க்கில் இருந்த யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட்டுக்குப் படங்களை அனுப்பினார்.

சிண்டிகேட் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்காவில் ஓவியர் நேராகப் பத்திரிகைக்கு வரைவது குறைவு. நடுவில் ஒரு நிறுவனம் தொடரை வாங்கி, ஊர் ஊராக இருக்கும் பத்திரிகைகளுக்கு விற்கும், வருமானத்தில் பங்கு கொடுக்கும். எத்தனை பத்திரிகை வாங்குகிறதோ அத்தனை வருமானம். பதிலுக்குப் பதிப்புரிமை அந்த நிறுவனத்திடம் போய்விடும். பாத்திரங்களைப் படைத்தவர் ஓவியர், சொந்தக்காரர் சிண்டிகேட். ஷூல்ஸும் அந்தக் கையெழுத்தைத்தான் போட்டார். அவர் விரும்பிய பெயர்கூடக் கிடைக்கவில்லை. வேறு தொடர்களின் பெயரோடு குழப்பம் வரும் என்று சொல்லி ‘பீனட்ஸ்’ என்று அவர்களே வைத்தார்கள். அந்தப் பெயரை அவர் கடைசிவரை வெறுத்தார். உலகமே அறிந்த தன் படைப்பின் தலைப்பை ஐம்பது வருஷம் பிடிக்காமலே சுமந்தவர்!

தொடங்கியது ஏழு பத்திரிகைகளில். முதல் மாத வருமானம் 90 டாலர். இன்னொரு நிபந்தனையும் இருந்தது, அது பெயரைவிட முக்கியம். பத்திரிகை ஆசிரியர்களுக்கு இடம் பற்றாக்குறை. அதனால் பீனட்ஸை ‘இடம் மிச்சப்படுத்தும் ஸ்ட்ரிப்’ என்றுதான் விற்றார்கள். நாலு கட்டமும் ஒரே அளவு. வரிசையாகப் போடலாம், ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடலாம், இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாகவும் போடலாம். அன்றைய சாகசத் தொடர்கள் அகலமாக, காடும் கப்பலும் சண்டையுமாக இருந்தபோது, இவருக்குக் கிடைத்தது தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய நாலு பெட்டி.

ஷூல்ஸை ஷூல்ஸ் ஆக்கியது அந்தப் பெட்டிதான் என்பேன். இடம் இல்லை, அதனால் பின்னணி இல்லை. பெரிய தலை, சின்ன உடம்பு, ஒரு புல்தரை, ஒரு குட்டிச் சுவர். பெரியவர்கள் கட்டத்துக்குள் கொள்ள மாட்டார்கள், அதனால் அவர்கள் வருவதில்லை. வாய் ஒரு கோடு, கண் இரண்டு புள்ளி. அந்தக் கோடு கொஞ்சம் வளைந்தால் கவலை, இன்னும் கொஞ்சம் நெளிந்தால் அவமானம். நாலாவது கட்டத்தில் சிரிப்பு வெடிக்க வேண்டும் என்பதுதான் அதுவரை விதி. இவர் மூன்றாவது கட்டத்தில் பேச்சே இல்லாமல் இரண்டு குழந்தைகளைச் சுவரில் சாய்ந்து நிற்க வைத்தார். நாலாவதில் வருவது நகைச்சுவையா வருத்தமா என்று வாசகர் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். இன்று வரும் பல காமிக்ஸில் இந்த மௌனக் கட்டம் சர்வ சாதாரணம்.

முதல் ஸ்ட்ரிப்பையே பாருங்கள். இரண்டு குழந்தைகள் திண்ணையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சார்லி பிரவுன் நடந்து வருகிறான். நல்ல பையன் சார்லி பிரவுன் என்று உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவனான ஷெர்மி இரண்டு மூன்று முறை சொல்கிறான். அவன் கடந்து போனதும், எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது என்கிறான். குழந்தைகள் என்றால் கள்ளம் கபடமற்றவர்கள் என்ற கதையை 1950-ல், முதல் நாளே, நாலு கட்டத்தில் முடித்துவிட்டார்.

ஸ்னூப்பி இரண்டு நாள் கழித்து வந்தது. அந்தப் பெயரும் அம்மா கொடுத்ததுதான். அடுத்த நாய் வாங்கினால் இப்படிக் கூப்பிடலாம் என்று அவர் எப்போதோ சொன்னது. ஆரம்பத்தில் அது நாலு காலில் நடக்கும் சாதாரண நாய். அப்புறம் நினைப்பதற்கு மேகக் குமிழ் வந்தது, இரண்டு காலில் எழுந்தது, கூரை மேல் படுத்தது, 1965-ல் முதல் உலகப் போர் விமானி ஆகிவிட்டது. 1951-ல் பியானோவோடு ஷ்ரோடர், 1952-ல் லூசியும் அவள் தம்பி லைனஸும். லைனஸ் கையை விட்டுப் போகாத போர்வை, லூசி ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் மனநல மருத்துவக் கடை, சார்லி பிரவுன் உதைக்க ஓடி வரும்போது அவள் பந்தை இழுத்துக்கொள்ளும் வருடாந்திரச் சடங்கு எல்லாம் 1950களிலேயே அமைந்துவிட்டன. 1955-ல் கார்ட்டூனிஸ்டுகள் சங்கத்தின் ரூபன் விருது, 1964-ல் மறுபடியும். இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. ஸ்னூப்பி அதிகமாக அதிகமாகத் தொடர் கொஞ்சம் இளகியது. 1970களுக்குப் பிறகு நாயும் அதன் மஞ்சள் பறவைத் தோழன் உட்ஸ்டாக்கும் நிறைய இடம் எடுத்துக்கொண்டார்கள். டீ-ஷர்ட்டில் நன்றாக இருக்கும், ஆனால் லைனஸும் சார்லி பிரவுனும் சுவரோரம் நின்று பேசும் ஸ்ட்ரிப்புகளின் கூர்மை அதில் இல்லை. இதை ஒப்புக்கொள்ளாத ரசிகர்கள் நிறைய உண்டு.

1965 அவருக்குப் பெரிய வருஷம். ஏப்ரலில் ‘டைம்’ இதழின் அட்டையில் பீனட்ஸ். டிசம்பர் 9-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் படம். தயாரிப்பு லீ மெண்டல்சன், அனிமேஷன் பில் மெலண்டஸ், இசை வின்ஸ் குவரால்டி. நிஜக் குழந்தைகளின் குரல், ஜாஸ் இசை, பின்னணிச் சிரிப்பொலி கிடையாது, நடுவில் லைனஸ் லூக்கா நற்செய்தியிலிருந்து ஒரு பகுதியை அப்படியே சொல்கிறான். பைபிள் பகுதி வேண்டுமா என்று கூட இருந்தவர்களே தயங்கினார்கள். ஷூல்ஸ் விடவில்லை. பார்த்த தொலைக்காட்சி அதிகாரிகள் இது தேறாது என்றே நினைத்தார்கள். அன்றிரவு அமெரிக்காவில் டிவி போட்டிருந்த வீடுகளில் பாதிக்குக் கிட்டே அதைத்தான் பார்த்தன.

1968-ல் நடந்தது இன்னும் சுவாரசியம். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட பத்துப் பன்னிரண்டு நாளில், லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஹாரியட் கிளிக்மன் என்ற முன்னாள் ஆசிரியை ஷூல்ஸுக்குக் கடிதம் எழுதினார், தொடரில் ஒரு கறுப்பினக் குழந்தையைச் சேர்க்கலாமே என்று. ஷூல்ஸ் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. தான் செய்தால் மேலிருந்து தட்டிக்கொடுப்பது போல ஆகிவிடுமோ என்ற தயக்கத்தைப் பதிலில் எழுதினார். கிளிக்மன் தன் கறுப்பின நண்பர்களிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய், அவர்கள் கருத்தை ஷூல்ஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஜூலை 31-ல் ஃபிராங்க்ளின் என்ற கறுப்பினச் சிறுவன் கடற்கரையில் சார்லி பிரவுனின் தொலைந்த பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். விளம்பரம் இல்லை, உபதேசம் இல்லை. பின்னால் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் ஃபிராங்க்ளின் உட்கார்ந்திருப்பதைத் தெற்கத்திப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். சிண்டிகேட்டிலும் தயக்கம் இருந்தது. நான் வரைந்தபடியே போடுங்கள், இல்லையென்றால் விலகுகிறேன் என்று சொன்னதாக ஷூல்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். ஃபிராங்க்ளின் பாத்திரம் அதன்பின் பெரிதாக வளரவில்லை என்ற குறை இருக்கிறது. அது நியாயமான குறைதான். மற்ற எல்லோருக்கும் ஒரு பைத்தியக்காரத்தனம் இருக்கும், ஃபிராங்க்ளின் மட்டும் எப்போதும் நல்ல பையன்.

1969 மே மாதம் அப்பல்லோ 10 நிலவைச் சுற்றப் போனபோது, தாய்க் கலத்துக்கு ‘சார்லி பிரவுன்’, இறங்கு கலத்துக்கு ‘ஸ்னூப்பி’ என்று வானொலி அழைப்புப் பெயர். சந்திரனில் இறங்காமல் மிக நெருக்கமாகப் போய்த் திரும்பிய அந்த ஒத்திகைப் பயணத்தின் ஸ்னூப்பி கலம் பிறகு சூரியனைச் சுற்றும் பாதையில் விடப்பட்டது. நாசா தன் பணியாளர்களுக்குக் கொடுக்கும் வெள்ளி ஸ்னூப்பி விருது இன்றும் இருக்கிறது.

சரி, இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? 1951-ல் முதல் கல்யாணம், ஐந்து குழந்தைகள், 1958-ல் கலிஃபோர்னியாவின் செபஸ்டபோலுக்குக் குடிபெயர்வு. 1969-ல் சான்டா ரோசாவில் பனிச்சறுக்கு அரங்கம் கட்டினார்கள். 1972-ல் விவாகரத்து, அடுத்த வருஷம் ஜீனுடன் மறுமணம். பயணம் என்றாலே அவருக்குப் பதற்றம். தினமும் காலையில் அரங்கத்துக் காபிக்கடையில் சிற்றுண்டி, பிறகு பக்கத்து ஸ்டுடியோ. மஞ்சள் தாளில் கிறுக்கிக் கிறுக்கி எதாவது பிடிபட்டதும் மேசைக்கு நகர்வார். தினசரி ஸ்ட்ரிப்பை ஆறு வாரம் போல முன்னால் கொடுக்க வேண்டும், வண்ணம் அச்சாக வேண்டிய ஞாயிற்றுப் பக்கத்தை அதற்கும் முன்னால். எஸ்டர்புரூக் நிறுவனத்தின் 914 எண் ‘ரேடியோ’ நிப்தான் அவர் கைக்குப் பழகியது. அந்த நிறுவனம் மூடப்போகிறது என்றதும் இருந்த கையிருப்பை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். மீதி ஆயுளுக்கு அது போதுமானதாக இருந்தது.

1981-ல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. கோடு நெளிந்தது. அப்போதும் உதவியாளர் வைக்கவில்லை. பிற்காலத்து ஸ்ட்ரிப்புகளில் அந்த நடுக்கம் அப்படியே அச்சில் தெரியும். சிலருக்கு அது குறை, எனக்கு அது பிடிக்கும். 1988-ல் நாலு சமக் கட்ட விதியையும் விட்டுவிட்டு, ஒரே நீளக் கட்டம், மூன்று கட்டம் என்று சுதந்திரமாக வரையத் தொடங்கினார். ஐம்பது வருஷத்தில் எடுத்த ஒரே நீண்ட விடுமுறை 1997 கடைசியில், 75-வது பிறந்தநாளை ஒட்டி ஐந்து வாரம்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. வரைகிற பேனாவை யாருக்கும் கொடுக்காதவர், பாத்திரங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஃபோர்டு கார், உணவுப் பொருள், வாழ்த்து அட்டை, மெட்லைஃப் காப்பீடு என்று ஸ்னூப்பி விற்காத பொருள் இல்லை. ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ வரைந்த பில் வாட்டர்சன் ஷூல்ஸை மிகவும் மதித்தவர், ஆனால் தன் தொடரில் வரும் ஹாப்ஸ் என்ற புலியைப் பொம்மையாக விற்க விடமாட்டேன் என்று சிண்டிகேட்டோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டு, பத்து வருஷத்தில் தொடரையே முடித்துக்கொண்டார். ஷூல்ஸின் பார்வை வேறு: காமிக் ஸ்ட்ரிப் பிறந்ததே பத்திரிகை விற்பதற்காக, அதில் வணிகம் கலந்தது என்ன புதுசு என்பார். எனக்கு வாட்டர்சன் பக்கம் சாய்வு உண்டு. ஆனாலும் தினமும் காலையில் மேசையில் உட்கார்ந்தபோது அந்தக் கோடிகள் ஷூல்ஸின் வசனத்தை மாற்றியதாகத் தெரியவில்லை. உச்சத்தில் 75 நாடுகளில் 2,600 பத்திரிகைகளில் வந்தபோதும் சார்லி பிரவுன் தோற்றுக்கொண்டேதான் இருந்தான்.

2007-ல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு அவரைக் கசப்பும் தனிமையும் நிறைந்தவராகக் காட்டியது. பிள்ளைகள் அதைக் கடுமையாக மறுத்தார்கள், எங்கள் அப்பா சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் என்றார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

1999 நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. பெருங்குடல் புற்றுநோய் பரவியிருப்பதும் தெரியவந்தது. படிப்பதே சிரமமானது. டிசம்பர் 14-ல் ஓய்வை அறிவித்தார். ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், அந்தப் பையன் ஒருமுறைகூடப் பந்தை உதைக்காமலே போய்விட்டானே என்று தனக்குத் தோன்றியதைச் சொல்லி அழுதார். கடைசிப் பந்துக் காட்சி அந்த அக்டோபரில்தான் வந்திருந்தது. லூசியைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், பந்தைத் தம்பி ரீரனிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். பந்தை இழுத்தாயா, அவன் உதைத்தானா என்று திரும்பி வந்து கேட்கிறாள். உனக்குத் தெரியவே தெரியாது என்கிறான் ரீரன். கடைசித் தினசரி ஸ்ட்ரிப் 2000 ஜனவரி 3-ல் வந்தது. பிப்ரவரி 12 இரவு அவர் தூக்கத்தில் இறந்தார். மறுநாள் காலைப் பத்திரிகையில் கடைசி ஞாயிற்றுப் பக்கம், வாசகர்களுக்கு அவர் எழுதிய விடைபெறும் கடிதத்தோடு, ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

அவருக்குப் பின் வேறு யாரும் புது ஸ்ட்ரிப் வரையக் கூடாது என்பது குடும்பத்தின் விருப்பம், ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதப்பட்டது. இதற்கு முன்பு ஒரு கட்டத்தில், அவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற முன்னேற்பாடாக சிண்டிகேட், அல் பிளாஸ்டினோ என்ற ஓவியரிடம் கொஞ்சம் பீனட்ஸை ரகசியமாக வரைந்து வாங்கி வைத்திருந்தது. அவை அச்சாகவில்லை. இன்று பத்திரிகைகளில் வருவதெல்லாம் பழையவற்றின் மறுபிரசுரம்தான்.

படிக்க வேண்டுமென்றால், ஃபேண்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2004 முதல் 2016 வரை முழுத் தொடரையும் ஒரு தொகுதிக்கு இரண்டு வருஷத்து ஸ்ட்ரிப்புகள் வீதம் வெளியிட்டிருக்கிறது. 1950-ல் தொடங்க வேண்டாம், அப்போது அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். 1959-60 தொகுதியை எடுங்கள். பிடித்தால் 1966 வரை நேராகப் போகலாம், அப்புறம் முதல் தொகுதிக்குத் திரும்பலாம். ஒரே மூச்சில் நூறு பக்கம் படித்தால் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். நாளுக்கு ஒன்று என்று படிக்கத்தான் வரையப்பட்டது, ஐந்தாறுக்கு மேல் போகாமல் மூடிவைத்துவிடுங்கள்.